முறைக்குடமும் சோற்றுக்கல்லும்

“உனக்கு என்ன தெரியும் என்று இந்தச் சபையில் உனக்கொரு ஆசனம்?” என்று அளவை நாயகம் ஆதிநாதர் ஒருமுறை கொற்றியிடம் கேட்டார்.

“சாப்பிடத் தெரியும் ஐயா. சிரிக்கத் தெரியும். பட்டினி கிடப்பவர்களுக்குச் சிரிப்பு வராது என்பதும் தெரியும்,” என்றாள் கொற்றி.

அரசர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். ஆதிநாதர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவர் விகடக்காரி கொற்றிக்குக் குழி பறிக்க நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இது முன்னொரு காலத்தில் நடந்தது. எந்த நாடு என்று கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த ஒரு நாட்டார் மட்டும்தான் கோபித்துக்கொள்வார்கள். சொல்லாவிட்டால் எல்லா நாட்டாரும் தங்களைத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். அதுவே நல்லது.

அந்த நாட்டை வீரசேகரன் என்ற அரசர் ஆண்டார். நல்லவர்தான். பசி மட்டும் பொறுக்க மாட்டார்.

அவருடைய பாட்டனார் காலத்தில் ஒரு வழக்கம் இருந்தது. அமாவாசைதோறும் விடிந்ததும் அரசர் கிரீடம் வைக்காமல் கோட்டை வாசலுக்கு வந்து நிற்பார். எந்த ஊர்க்காரரும் எதிரே வந்து தம் குறையை வாயால் சொல்லலாம். கடைசி ஆள் சொல்லி முடிக்கும்வரை அரசர் பல்லில் பச்சைத் தண்ணீர்கூடப் படக் கூடாது. வயிறு காய்ந்தால்தான் அரசருக்குக் காது திறக்கும் என்பது அந்தப் பாட்டனாரின் கணிப்பு. அதிகாரிகளும் ஒழுங்காக இருந்தார்கள். பசியோடு நிற்கும் அரசர் கையில் சிக்க யாருக்குத்தான் துணிச்சல் வரும்? கோட்டை வாசலில் பாட்டனாருக்கு ஒரு சிலை உண்டு. அதில் விலா எலும்பு தெரியும். வீரசேகரனுக்குச் சிலை செய்ய வந்த சிற்பியோ கொடுத்த கல் போதாது என்று இன்னொரு கல் கேட்டான்.

வீரசேகரன் பட்டத்துக்கு வந்த புதிதில் இரண்டொரு அமாவாசை நின்று பார்த்தார். பிறகு ஒருநாள் சபையைக் கூட்டினார்.

“நம் ஆட்சி நேர்மையான ஆட்சியாக இருக்க வேண்டும். அதை நாடு அறிய வேண்டும், அண்டை நாடும் அறிய வேண்டும். ஆனால் அதற்காக நாம் பட்டினி கிடக்கக் கூடாது. இதற்கு வழி கண்டு சொல்பவருக்குத் தனி மண்டபம் கட்டித் தருவோம்,” என்றார்.

வழி கண்டு சொல்வதற்கு முன்பே மண்டபம் ஆதிநாதருக்குக் கிடைத்தது. யானையின் நிழலை அளந்தே அதற்கு எவ்வளவு தீனி வேண்டும் என்று சொல்லிவிடுவார் என்று அவருக்குப் பேர். ஒருமுறை அப்படி அளந்து போட்ட தீனி போதாமல் யானை பாகனைத் துரத்தியது. தவறு யானையுடையது என்று அவர் சபைக்கு விளக்கினார். சபையும் ஏற்றுக்கொண்டது.

ஆதிநாதரும் சீடர்களும் மண்டபத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தார்கள். வெளியே வந்தபோது அவர் கையில் ஒரு மண்குடம் இருந்தது.

“அரசே, இதன் பெயர் முறைக்குடம். மக்கள் வாயால் குறை சொல்லும்போது அழுகிறார்கள், கூட்டிச் சொல்கிறார்கள், ஆதியிலிருந்து தொடங்குகிறார்கள். அழுகையை அளக்க முடியாது. கல்லை எண்ண முடியும். ஊருக்கு ஒரு குடம் வைப்போம். அதிகாரியால் துன்பப்பட்டவர் அதில் ஒரு கல்லைப் போடட்டும். குடம் காலியாக இருந்தால் அந்த ஊரில் நேர்மை நிறைந்திருக்கிறது என்று பொருள்.”

“குடம் எங்கே இருக்கும்?” என்றார் அரசர்.

“அரசாங்கத்துப் பொருள் அல்லவா? ஊர் அதிகாரியின் வீட்டில் பத்திரமாக இருக்கும்.”

“கல்லுக்கு எங்கே போவார்கள்?”

“கண்ட கல்லையும் போட்டால் அளவு கெட்டுவிடும் அரசே. எங்கள் மண்டபத்து முத்திரை பதித்த கல்லையே போட வேண்டும். அதுவும் அதிகாரியிடமே இருக்கும். வேண்டியவர் காரணம் சொல்லிக் கேட்கலாம். காரணம் சரியென்று அதிகாரிக்குப் பட்டால் உடனே கொடுத்துவிடுவார்.”

எலிக்குப் பொறி செய்து அதைக் காவல் காக்க எலியையே உட்கார வைக்கிறார்களே என்று கொற்றி நினைத்தாள். சொல்ல வாயெடுப்பதற்குள் அரசர் “அருமை” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டார். அன்று மதியம் அதிரசம் செய்திருந்தார்கள்.

குடங்கள் ஊர் ஊராகப் போயின. மாதக் கடைசியில் எல்லாம் காலியாகவே திரும்பி வந்தன. காலிக்குடம் கொண்டுவந்த அதிகாரிகளுக்குப் பட்டுத் துண்டு போர்த்தினார்கள். நம் நாட்டில் கல் போட ஆளில்லை என்று அரசர் அண்டை நாட்டு மன்னருக்கு ஓலை அனுப்பினார். கோட்டை வாசலில் அமாவாசைக்கு ஆள் நிற்பது நின்றுபோனது. அரசரும் ஒரு சுற்றுப் பெருத்தார்.

ஒருநாள் சபை முடிகிற நேரத்தில் வாசலில் ஒரு பெண்ணின் குரல் கேட்டது. குறை இருந்தால் உங்கள் ஊர்க் குடத்தில் போடு என்று காவலர்கள் விரட்டிக்கொண்டிருந்தார்கள். கொற்றி எழுந்து போய் அவளைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வந்தாள். அவள் பெயர் நாச்சி. கீழைமருதூர்க்காரி. புருஷன் செத்துப்போனபின் ஒற்றை ஆளாக ஒரு துண்டு வயலை வைத்துப் பிழைக்கிறவள்.

“சாமி, எங்கூரு ஏரி மடையத் தெறக்குற அதிகாரி கண்டன். வெளயிறதுல பாதி தரேன்னு சத்தியம் பண்ணினாத்தான் வயலுக்குத் தண்ணி விடுவேங்கிறாரு. ஊரே பயந்துக்கிட்டுப் பண்ணிருச்சு. நான் பண்ணல. எவ்வயலு மட்டும் காஞ்சு வெடிச்சுக் கெடக்கு,” என்றாள்.

“கீழைமருதூர்க் குடம் காலி அரசே. கண்டனுக்குப் போன மாதம்தான் பட்டுத் துண்டு போர்த்தினோம்,” என்றார் ஆதிநாதர்.

“கல்லு கேட்டேன் சாமி. எதுக்குன்னாரு. ஒங்களப் பத்தித்தான்னு சொன்னேன். காரணம் சரியில்ல, போடீன்னுட்டாரு.”

அரசர் ஆதிநாதரைப் பார்த்தார்.

“கேட்டீர்களா அரசே? காரணம் சரியில்லாததால் கல் கிடைக்கவில்லை. முறை சரியாக வேலை செய்கிறது,” என்றார் ஆதிநாதர். “நேர்மையானவன் என்று அளந்து காட்டப்பட்ட ஓர் அதிகாரிமேல் இவள் வாயால் பழி சொல்கிறாள். இவள் வயலைப் பறிமுதல் செய்து கண்டனிடமே ஒப்படைக்க வேண்டும். அப்போதுதான் மற்றவர்களுக்குப் புத்தி வரும்.”

கொற்றியால் அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. “அரசே, குடம் பொய் சொல்கிறது,” என்றாள்.

ஆதிநாதர் அவளைப் பார்த்துப் புன்னகைத்தார். அவர் அப்படிப் புன்னகைத்து யாரும் பார்த்ததில்லை. “அப்படியா? வருகிற அமாவாசைக்குள் அதை மெய்ப்பித்துக் காட்டட்டும் அரசே. ஆனால் ஒன்று. வாய்ச்சொல் அளவையாகாது. ஆகையால் குடத்தைப் பற்றியோ அதிகாரியைப் பற்றியோ ஒரு குறையும் அவள் வாயிலிருந்து வரக் கூடாது. வந்தால், அல்லது மெய்ப்பிக்காமல் போனால், நாச்சியின் வயல் கண்டனுக்கு. இரண்டு பெண்களும் நாட்டைவிட்டு வெளியே.”

சபையில் பலர் தலையாட்டினார்கள். அரசருக்குச் சமையற்கட்டிலிருந்து தாளிக்கும் வாசனை வந்துவிட்டது. “ஆகட்டும்,” என்று சொல்லிவிட்டு அவர் பந்திக்கு எழுந்து போனார்.

நாச்சியை அரண்மனை மாட்டுக்கொட்டில் பக்கம் ஓர் அறையில் இருக்க வைத்தார்கள். கொற்றி அவளுக்குச் சோறு கொண்டுபோனாள்.

“நீ சிரிக்க வைக்கிறவளாமே,” என்றாள் நாச்சி, சோற்றைத் தொடாமல். “எம் பொழப்பே சிரிப்பாச் சிரிக்குது. அத வச்சு ராசாவுக்கு ஒரு கத சொல்லு.”

“அக்கா, அமாவாசை வரைக்கும் பயிரு தாங்குமா?”

“கதிரு வர்ற பருவம். அடில ஈரம் கொஞ்சம் இருக்கு. அமாவாச தாண்டினா வைக்கோலுகூட ஒருத்தருக்கும் ஆகாது. அப்புறம் வயலு எனக்கா கண்டனுக்கான்னு நீங்க என்ன தீர்ப்புச் சொன்னா என்ன?”

கொற்றி வெளியே வந்தாள். குறை சொல்லக் கூடாது. சரி, சொல்லாமல் என்ன செய்யலாம்? பாராட்டலாம். பாராட்டத் தடையில்லை.

மறுநாள் சபையில் அவள் எழுந்து கும்பிட்டாள். “அரசே, இரவெல்லாம் யோசித்தேன். முறைக்குடம் மாதிரி ஒன்றை இந்த உலகம் கண்டதில்லை. இப்படிப்பட்டதை ஊர்க்காரர்களுக்கு மட்டும் கொடுத்துவிட்டு அரண்மனைக்கு இல்லாமல் வைத்திருப்பது அளவை நாயகத்துக்கு அவமானம். நம் சமையற்கட்டிலும் ஒரு குடம் வைக்க உத்தரவாக வேண்டும். விதிகளில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது.”

ஆதிநாதர் கண்ணைச் சுருக்கினார். ஏதோ இருக்கிறது என்று அவருக்குப் பட்டது. ஆனால் வேண்டாம் என்று சொன்னால் தன் குடத்தின்மேல் தனக்கே நம்பிக்கையில்லை என்றாகும். “நல்ல யோசனை,” என்றார், கசப்பு மருந்து விழுங்கியவர்போல.

தலைமைச் சமையல்காரர் தோணியப்பர் யோக்கியமான மனிதர். ஒவ்வொரு குழம்பையும் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்காமல் இறக்க மாட்டார். சீடர்கள் கொண்டுவந்து வைத்த குடத்தை அவர் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“கொற்றி, இத எங்கம்மா வைக்கிறது? அடுப்பங்கரைல எடஞ்சலா இருக்கு.”

“உங்க பக்கத்துலயே வச்சுக்குங்க அண்ணே. நீங்கதான் காவல்.”

“யாரு கல்லு போடுவா?”

“சாப்பாடு பிடிக்காதவங்க. ஆனா கல்லும் உங்ககிட்டதான் இருக்கும். வந்து காரணம் சொல்லிக் கேக்கணும். காரணம் சரின்னு உங்களுக்குப் படணும்.”

“படலேன்னா?”

“குடம் காலியா இருக்கும். குடம் காலியா இருந்தா சாப்பாடு பிரமாதம்னு அர்த்தம். உங்களுக்குப் பட்டுத் துண்டு.”

தோணியப்பர் கரண்டிக் காம்பால் முதுகைச் சொறிந்துகொண்டு வெகுநேரம் யோசித்தார்.

“இதுல எங்கயோ தப்பு இருக்கேம்மா.”

“இருந்தாலும் நான் சொல்லக் கூடாது அண்ணே. எனக்குத் தடை.”

முதலில் சில நாட்கள் எதுவும் மாறவில்லை. ஒருநாள் குழம்பு அடிப்பிடித்துவிட்டது. தோணியப்பர் நடுங்கிக்கொண்டே பரிமாற அனுப்பினார். ஒருவரும் கல் கேட்டு வரவில்லை. அன்று அவர் குடத்துக்குள் எட்டிப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டார். அடுத்த நாள் குழம்பை நக்கிப் பார்க்கும் வழக்கத்தை விட்டார். பிறகு நெய்ச்சட்டி அவர் மைத்துனர் வீட்டுக்குப் போகத் தொடங்கியது. ரசம் வெந்நீர் ஆயிற்று. நல்ல அரிசி பின்வாசல் வழியாகப் போய் மட்டரகம் முன்வாசல் வழியாக வந்தது. அரிசி களைந்து கல் அரிக்கிற பெண்களை அவர் தன் வீட்டுக் கொல்லையில் களை பறிக்க அனுப்பிவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றும் அவருக்கு இல்லை. யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, அவ்வளவுதான்.

பந்தியில் கொற்றி எதையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். “குடம் காலி. ஆகவே குழம்பு அருமை,” என்று ஒவ்வொரு கவளத்துக்கும் சொல்லிக்கொண்டாள். சபையினர் யாரும் வாய் திறக்கவில்லை. சாப்பாடு நன்றாக இல்லை என்றால் குடம் தவறு என்றாகும். குடம் தவறு என்றால் ஆதிநாதர் விட மாட்டார். அமைச்சர் மடியில் அவல் கட்டிக்கொண்டு வரத் தொடங்கினார். சேனாதிபதியின் தலைப்பாகைக்குள் முறுக்கு இருந்தது. அவர் தலையசைக்கும்போதெல்லாம் நொறுங்கும் சத்தம் கேட்டது.

அரசர்தான் முதலில் முகம் சுளித்தார். “குழம்பில் உப்பே இல்லையே.”

“சமையற்கட்டுக் குடம் காலியாக இருக்கிறது அரசே. ஆகவே உப்பு இருக்கிறது,” என்றார் ஆதிநாதர், உப்பில்லாத குழம்பைப் பிசைந்தபடி. “குறை தங்கள் நாவில் இருக்கலாம்.”

அரசர் நம்பிவிட்டார். கொற்றி இதை எதிர்பார்க்கவில்லை. பசி பொறுக்காத மனிதர் இரண்டாம் நாளே எகிறுவார் என்று கணக்குப் போட்டிருந்தாள். அவரோ வைத்தியரைக் கூப்பிட்டு நாக்கை நீட்டினார். வைத்தியர் ஆதிநாதரின் முகத்தைப் பார்த்துவிட்டு, நாக்கில் சுக்குப்பொடி தேய்த்து வேளாவேளைக்கு நிலவேம்புக் கஷாயம் கொடுத்தார். கஷாயம் குடித்தபின் உப்பில்லாத குழம்பு அரசருக்குத் தேவாமிர்தமாகத் தெரிந்தது. “இப்போது பரவாயில்லை. முறை சரிதான், என் நாக்குத்தான் கெட்டிருந்தது,” என்றார்.

நிலா தேய்ந்துகொண்டே வந்தது. தன் நாக்கைவிடக் குடத்தை நம்புகிற மனிதரை என்ன செய்வது என்று கொற்றிக்குத் தெரியவில்லை. நாச்சியின் அறைப் பக்கம் போகவே கூசினாள். போனபோது அவள் ஒன்றுதான் கேட்டாள்: “மழ கிழ எங்கயாச்சும் பேஞ்சுதா?”

அமாவாசைக்கு முந்தின நாள் பந்தி நடந்தது. கஷாயம் குடித்த வாயோடு அரசர் முதல் கவளத்தை வைத்து மென்றார்.

கடக்.

பந்தி முழுவதும் கேட்டது. அரசர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். வாயிலிருந்து எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். மொச்சைக்கொட்டை அளவுக்குக் கல்.

“வைத்தியரே, இதுவும் என் நாவின் குறையா?”

வைத்தியர் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஆதிநாதர் தொண்டையைச் செருமினார். “பற்கள் வலுவிழந்திருக்கலாம் அரசே. நல்ல பல்லுக்குக் கல் ஒரு பொருட்டல்ல.”

அரசர் எழுந்தார். எச்சில் கையில் கல்லோடு சமையற்கட்டுக்கு நடந்தார். பந்தியே பின்னால் போனது. அவர் நேராகக் குடத்தின்முன் நின்று கையை ஓங்கினார். அங்கே மாதக் கணக்குப் பார்க்க வந்திருந்த ஆதிநாதரின் சீடன் பழக்க தோஷத்தில் குடத்தின் வாயைக் கையால் மூடிவிட்டான்.

“மன்னிக்க வேண்டும் அரசே. முத்திரை இல்லாத கல் கணக்கில் சேராது.”

“அப்படியானால் முத்திரைக் கல்லைக் கொடு,” என்று அரசர் தோணியப்பர் பக்கம் திரும்பினார்.

தோணியப்பருக்கு வியர்த்தது. ஆனாலும் விதி மனப்பாடமாக இருந்தது. “காரணம் சொல்லணும் மகராசா.”

“உன் சோற்றில் கல்.”

தோணியப்பர் அரசரின் உள்ளங்கையை எட்டிப் பார்த்தார். பிறகு, யாராவது கல் கேட்டால் சொல்ல இத்தனை நாளாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பதிலைச் சொல்லிவிட்டார்: “எனக்கு அப்படிப் படலியே.”

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது.

அரசர் மெல்லத் தலையைத் திருப்பிக் கொற்றியைத் தேடினார். அவள் கைகட்டி நின்றிருந்தாள்.

“முறை சரியாக வேலை செய்கிறது அரசே,” என்றாள்.

அரசரின் வயிறு முதலில் குலுங்கியது. பிறகு தோள். பிறகு வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, வலியில் “அம்மா அம்மா” என்று முனகியபடியே, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரிக்கலாமா என்று சபையினர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சேனாதிபதி சிரித்தபோது தலைப்பாகையிலிருந்து முறுக்குத் தூள் உதிர்ந்தது.

“அளவை நாயகமே, இன்றைய சாப்பாடு எப்படி?” என்று கேட்டார் அரசர்.

ஆதிநாதர் குடத்தைப் பார்த்தார். நல்லதென்றால் தின்ன வேண்டும், கெட்டதென்றால் குடத்தை உடைக்க வேண்டும். “குடத்தின்படி நன்றாக இருக்கிறது அரசே,” என்றார்.

“அப்படியானால் என் இலையிலிருப்பதையும் சேர்த்து நீரே சாப்பிட வேண்டும்.”

அவர் உட்கார்ந்து சாப்பிட்டார். முதுகு வளையாமல், முகம் மாறாமல் சாப்பிட்டார். கடக் கடக் என்ற சத்தம் மட்டும் சீராக வந்துகொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற சீடன் தயங்கித் தயங்கி, “அரசே, குடத்தைக் கண்காணிக்க இரண்டாவதாக ஒரு குடம் வைத்தால் இந்தப் பிழை வராது,” என்றான். அவனுக்கும் ஓர் இலை போடச் சொன்னார் அரசர்.

பிறகு தன் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிக் கொற்றியின் கையில் போட்டார். “ஒரு குறையும் நீ சொல்லவில்லை.”

“சொல்லவில்லை அரசே. வாயாரப் பாராட்டினேன். பாராட்டித் தின்றதில் எனக்கும் வயிறு சரியில்லை.”

“வேறென்ன வேண்டும்?”

“பாட்டனார் நின்ற இடத்தில் தாங்கள் நிற்க வேண்டும். நாளைக்கு அமாவாசை.”

அரசரின் சிரிப்பு பாதியில் நின்றது. “நாளைக்கேவா? விடிவதற்கு முன்னால் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு நின்றால் என்ன?”

“நிற்கலாம் அரசே. இட்லி இறங்கிய வயிற்றுக்குப் பயப்பட வேண்டாம் என்று அதிகாரிகளும் கணக்குப் பார்ப்பார்கள்.”

அரசர் பெருமூச்சு விட்டார். தோணியப்பரைப் பழையபடி கல் அரிக்கச் சொன்னார். கண்டனைப் பதவியிலிருந்து நீக்கி, ஊரார் செய்துகொடுத்த சத்தியம் செல்லாது என்று ஓலை எழுதச் செய்தார். கீழைமருதூர் மடையை உடனே திறக்கக் குதிரையில் ஆள் அனுப்பினார். பிறகு நாச்சியை அழைத்து வரச் சொன்னார்.

அதற்குள் புதிதாக வடித்த சோறு வந்துவிட்டது. அரசருக்கு மறுபடியும் தலைவாழை இலை போட்டு நெய் விட்டார்கள். சபை முழுக்க நல்ல மனநிலையில் இருந்தது. நாச்சி வந்து நின்றாள். நடந்ததையெல்லாம் அமைச்சர் அவளுக்கு விரிவாகச் சொன்னார். அரசரின் கருணையைச் சொல்லும் இடத்தில் குரலை உயர்த்தினார்.

அரசர் முதல் கவளத்தைக் கையில் எடுத்தபடி சிரித்த முகத்தோடு அவளைப் பார்த்தார். “இப்போது உன் வாயாலேயே சொல் அம்மா. நம் ஆட்சி நேர்மையான ஆட்சிதானே?”

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள். கொற்றியும் பார்த்தாள். நாச்சி அரசரின் இலையைப் பார்த்தாள். சன்னலுக்கு வெளியே வெயில் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பார்த்தாள். முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். திரும்பி, காவலர்களைத் தாண்டி, கீழைமருதூர்ப் பாதையில் ஒன்றும் பேசாமல் வேகமாக நடந்து போனாள்.